பழைய டெம்போ டிராவலருக்கு டர்போ டீசல் எஞ்சின் வைக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 1996 மாடல் டெம்போ டிராவலர், டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு தங்கிப் போகிற வண்டியாக மாற்றியிருக்கிறார். தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகும் கூட்டத்துக்குப் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு போவது இந்த வண்டிதான். கோடையில் ஆத்தாவைக் கொடைக்கானல் கூட்டிப் போவதும் இதில்தான். வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் தொடங்கிய உடனே கரும்புகை தள்ளுகிறதாம், இரண்டாவது கியரை விட்டு ஏறவே மாட்டேன் என்கிறதாம். "டர்போ டீசல் எஞ்சின் மாற்றினால் சரியாகுமா, எந்த எஞ்சின் வைக்கலாம்?" என்று கேட்கிறார். அவருக்கு வேண்டியது மலை ஏறும்போது திணறாத, வழியில் நிற்காத, போலீஸ் நிறுத்தினாலும் பயப்படத் தேவையில்லாத ஒரு வண்டி. அதை மனதில் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றலாம், ஆனால் உங்கள் வண்டிக்கு அது முதல் வேலை இல்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் காரைக்குடியில் டீசல் பட்டறையிலேயே என் காலம் போயிருக்கிறது. டீசல் பம்பு, டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் நாசில் இவற்றின் வேலையும் எஞ்சின் இறக்கிக் கட்டுவதும்தான் என் தொழில். "இழுவை இல்லை, டர்போ போட்டுக் கொடுங்கள்" என்று வந்த பழைய வேன்களில் பல, இருக்கிற எஞ்சினைச் சரிசெய்ததிலேயே திருப்தியாகப் போயிருக்கின்றன.

உங்கள் வண்டியில் இருப்பது மெர்சிடிஸ் பென்ஸின் ஓஎம்616 வகை நான்கு சிலிண்டர் எஞ்சின். பஜாஜ் டெம்போ நிறுவனம், அதாவது 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், உரிமம் வாங்கி இங்கேயே செய்த எஞ்சின் அது. மெட்டடாரிலும் டிராக்ஸிலும் ஓடியதும் இதுதான். 2.4 லிட்டர் கொள்ளளவு. ஜெர்மனியில் 240டி காரில் வந்தபோது 65 குதிரைத்திறன், பிறகு 72 வரை கூட்டினார்கள். காருக்கே அது நிதானமான எஞ்சின். எத்தனை வருஷம் ஓட்டினாலும் தாங்கும் என்று பெயர் வாங்கியதும் அந்த நிதானத்தால்தான்.

சரி, மலையில் என்ன நடக்கிறது? கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றை வைத்துத்தான் டீசலை எரிக்க வேண்டும். காற்று குறைந்தால் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். சாதாரண மெக்கானிக்கல் பம்புக்கு இது தெரியாது, கீழே கொடுத்த அதே அளவு டீசலை மேலேயும் கொடுத்துக்கொண்டே இருக்கும். சரியாக எரியாதது கரும்புகையாக வெளியே வரும். டர்போ இருந்தால், வெளியேறும் புகையின் விசையில் சுற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும், இந்தக் குறை பெருமளவு ஈடாகிவிடும். ஆகவே மலைக்கு டர்போ நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களுக்குப் புகை ஏற்றம் தொடங்கிய உடனே வருகிறது. அது அடிவாரம், அங்கே காற்று இன்னும் அவ்வளவாகக் குறையவில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம் இரண்டு இடத்தில் விழுகிறது: வண்டியின் எடை, எஞ்சினின் இப்போதைய உடல்நிலை.

எடையை முதலில் பாருங்கள். கட்டிலும் அலமாரியும் பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பர்மா தேக்கில் செய்தது என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, நம் ஊர் வீட்டுத் தேக்கு விறகாகாமல் இப்படிப் பிழைப்பது நல்ல காரியம். ஆனால் தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. இருபது கன அடி போயிருந்தால் அதுவே 360 கிலோ, ஐந்தாறு ஆட்களின் எடை, வண்டி காலியாக நிற்கும்போதும் இறங்காத எடை. தண்ணீர்த் தொட்டி நூறு லிட்டர் என்றால் இன்னும் நூறு கிலோ. மலைக்குப் புறப்படும் கோலத்திலேயே, தொட்டி நிறைத்து, ஆட்களையும் உட்கார வைத்து, ஒரு எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். முன் சக்கரம் மட்டும் ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் ஒரு தடவை, அப்புறம் முழு வண்டி. ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையைத் தாண்டியிருந்தால் எந்த எஞ்சினைப் பற்றியும் பேச வேண்டாம். ஏறுவதற்கு எஞ்சினை மாற்றிவிடலாம். இறங்கும்போது அந்த எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியது அதே பழைய பிரேக்தான்.

அடுத்தது எஞ்சின். இந்த எஞ்சினில் டேப்பெட் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி, தானாகச் சரியாகாது, கையால் வைக்க வேண்டும். நம் பக்கத்தில் ஆயில் மாற்றுகிறார்கள், டேப்பெட்டைத் தொடுவதே இல்லை. ஓட ஓட வால்வு இருக்கையில் தேய்ந்து உட்கார்ந்து, இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும் காற்றின் அழுத்தம்) கசியும், இழுவை போய்விடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது உள்ளே இழுக்கும் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு 0.30. அரை நாள் வேலை. அதைச் செய்த பிறகுதான் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும், முன்னால் பார்த்தால் நல்ல எஞ்சினையும் கெட்டது என்று சொல்லிவிடுவோம். ஆரோக்கியமான ஓஎம்616-ல் ஒவ்வொரு சிலிண்டரும் 22 முதல் 24 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டும். 15-க்குக் கீழே போனாலோ, ஒன்றுக்கொன்று 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். கூடவே டைமிங் செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். செயின் நீண்டால் டீசல் பாயும் நேரம் தள்ளிப் போகும், மெக்கானிக் பம்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

பம்பும் நாசிலும் என் மேசைக்கு வருகிற சாமான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாசிலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால் 115 முதல் 125 பாருக்குள் திறக்க வேண்டும். திறக்கும்போது கொரகொரவென்று ஒரு அதிர்வு கையிலேயே தெரியும், டீசல் மெல்லிய தூவலாகச் சிதறும். கெட்ட நாசிலில் அந்த அதிர்வே இருக்காது, நுனியிலிருந்து நூல் மாதிரி ஒழுகும், அழுத்தத்தை விட்ட பிறகும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். ஒழுகும் டீசல் எரியாது, புகையாகும். ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று யாரோ ஒரு மெக்கானிக் பம்பில் டீசல் அளவைக் கூட்டியும் வைத்திருப்பார், பழைய வண்டிகளில் இது அடிக்கடி பார்க்கிற சங்கதி. காற்று அதே அளவு, டீசல் மட்டும் அதிகம் என்றால் புகை கூடும், சூடு கூடும், இழுவை மட்டும் கூடாது. நாசில் மாற்றி, பம்பைக் கேலிப்ரேஷன் செய்து அளவுக்குக் கொண்டுவந்தாலே சமவெளியிலும் அடிவாரத்திலும் கரும்புகை நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். மேல் மலையில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அது இந்த எஞ்சினின் இயல்பு.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் டர்போவுக்கு வரலாம். இருக்கிற எஞ்சினிலேயே ஒரு டர்போவை மாட்டிவிடலாம், செலவு குறைவு என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மெர்சிடிஸ் நிறுவனமே 1978-ல் இந்தக் குடும்பத்தின் ஐந்து சிலிண்டர் எஞ்சினை டர்போவாக்கி 300எஸ்டி காரில் வைத்தபோது, டர்போவை மட்டும் மாட்டி விற்கவில்லை. பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிரவைக்கும் குழாய்களை வைத்தார்கள். வெளியேற்றும் வால்வுகளைச் சோடியம் நிரப்பியதாக மாற்றினார்கள். கிராங்க் ஷாஃப்டை உறுதிப்படுத்தினார்கள். உங்கள் எஞ்சினில் இவை எதுவும் கிடையாது. 21 மடங்கு கம்ப்ரஷனும் முப்பது வருஷம் ஓடிய லைனரும் உள்ள எஞ்சினில் டர்போவை மாட்டினால் கொஞ்ச நாள் பிரமாதமாக இழுக்கும். அப்புறம் ஒரு நீண்ட ஏற்றத்தில் ஹெட் கேஸ்கெட் போகும், அல்லது பிஸ்டன் உருகும். போகிற இடம் பெரும்பாலும் திரும்பி வர வழியில்லாத மலைப்பாதையாகத்தான் இருக்கும்.

முழு எஞ்சினையும் மாற்றுவது வேறு விஷயம். அதற்கு என் முதல் தேர்வு அதே குடும்பம்தான். ஓஎம்616-லிருந்து பின்னாளில் ஃபோர்ஸ் நிறுவனம் வளர்த்தெடுத்த 2,596 சிசி டர்போ எஞ்சின் இருக்கிறது. கூர்க்கா வண்டியில் அது ஏறக்குறைய 85 குதிரைத்திறனும் 230 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் கொடுத்தது. பழைய 240டி கொடுத்த இழுவிசை 137. குதிரைத்திறனில் பெரிய வித்தியாசம் தெரியாது, மலையில் உங்களைக் காப்பாற்றுவது இந்த இழுவிசைதான். ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அதே விசைதான் கிளட்ச், கியர்பாக்ஸ், ஜாயின்ட், பின் ஹவுசிங்கில் இருக்கும் கிரவுன் பினியன் எல்லாவற்றையும் போட்டு முறுக்கும். அதனால் எஞ்சினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கிளட்ச், பெல் ஹவுசிங், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், டர்போ அழுத்திய காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர், மவுண்டிங், ஏர் ஃபில்டர் பெட்டி, அவற்றை இணைக்கும் ஹோஸ் வரை ஒரே வண்டியிலிருந்து மொத்தமாகக் கிடைக்கிறதா பாருங்கள். கழிக்கப்பட்ட ஒரு டிராவலரையே முழுசாக வாங்கி இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி வேலை செய்வது, சென்னை புதுப்பேட்டையில் ஒவ்வொரு சாமானாகத் தேடுவதைவிட நேரமும் பணமும் மிச்சம். உங்கள் வண்டியில் இப்போது எந்த கியர்பாக்ஸ், எந்தப் பல் விகிதம் இருக்கிறது என்பதை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும்.

எஞ்சின் மாற்றும்போது சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கெடுக்கிற சில இடங்கள் உண்டு. டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் தனி பம்பிலிருந்து வருகிறது. புது எஞ்சினில் அந்தப் பம்பு இருக்கிறதா, ஹோஸ் சரியாக ஏறியிருக்கிறதா என்பதை வண்டி பட்டறையை விட்டு நகர்வதற்கு முன்னால் பார்க்க வேண்டும். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றுவது, அது மிதப்பதே ஆயில் படலத்தில்தான். ஆயில் உள்ளே போவது பிரஷரில், திரும்பி வருவது தன் எடையால் மட்டும். திரும்பும் குழாய் அகலமாக, நம் வீட்டு ஓட்டுக் கூரையில் மழைத்தண்ணீர் முற்றத்துக்கு இறங்குகிற மாதிரி எங்கும் தேங்காமல் சரிந்து இறங்க வேண்டும். மவுண்டிங் இடிக்கிறது என்று அந்தக் குழாயை வளைத்து மேலே ஏற்றி இறக்கினால், ஆயில் சீல் வழியாகக் கசிந்து சைலன்சரில் நீலப்புகை வரும். "டர்போ போய்விட்டது" என்று புது டர்போ வாங்க வைப்பார்கள், அதுவும் அதே மாதிரி கசியும். காற்றுக் குழாய்களும் அப்படித்தான். நம் ஊர் செம்மண் புழுதி ஃபில்டருக்குப் பின்னால் ஒரு தளர்ந்த கிளிப் வழியாகப் போனால் போதும், கம்ப்ரசர் இறக்கைகளை அரித்துவிடும். ஃபில்டரிலிருந்து டர்போ வரை எல்லாக் கிளிப்பும் புதிதாக இருக்கட்டும்.

இன்டர்கூலர் வேண்டாம், இடமில்லை என்பார்கள். வெளியே 38 டிகிரி வெயில் அடிக்கும்போது டர்போ காற்றை அழுத்தினால் அந்தக் காற்று நூறு டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்த காற்று, டர்போ கொடுத்ததில் பாதியை அது திருப்பி வாங்கிக்கொள்ளும். இன்டர்கூலரோடு வந்த எஞ்சினுக்கு இன்டர்கூலரோடுதான் இடம் கொடுக்க வேண்டும். இன்னொன்று, இந்த வண்டியில் எஞ்சினின் ஒரு பகுதி ஓட்டுநர் அறைக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கிறது. டர்போவின் வெப்பம் பழைய எஞ்சினுக்குப் போட்ட மெத்தைத் தடுப்பில் நிற்காது, உலோகத் தகடு வைத்து மறைக்க வேண்டும். சமையல் கேஸ் சிலிண்டரும் அதன் ரப்பர் குழாயும் சைலன்சர் போகும் பக்கத்தில் இருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, உள்ளே படுத்துத் தூங்கப் போகிறவர்கள் உங்கள் குடும்பம்.

கம்ப்யூட்டர் மூலம் டீசல் பாய்ச்சும் காமன் ரெயில் எஞ்சின் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓடும் விதத்தில் அதுதான் சுகம், சத்தமும் புகையும் குறைவு. ஆனால் அதற்குக் கம்ப்யூட்டர், முழு வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், சென்சர்கள் எல்லாம் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். உங்கள் டீசல் டேங்க் உள்ளே துருப்பிடித்திருந்தால், ஆயிரம் பாருக்கு மேல் வேலை செய்யும் அந்த இன்ஜெக்டர்கள் வெகு நாள் தாங்காது. மெக்கானிக்கல் பம்பு உள்ள டர்போ கிடைத்தால் அதையே எடுங்கள். சிங்கம்புணரிக்கும் நத்தத்துக்கும் நடுவில் நின்றுபோனால் அங்கிருக்கும் மெக்கானிக் கையால் சரிசெய்யக்கூடியது அதுதான்.

மைலேஜ் கூடுமா என்பதில் என்னால் உறுதி சொல்ல முடியாது. டர்போ போட்டால் மைலேஜ் கூடும் என்று பொதுவாகப் பேசுகிறார்கள். பழைய ஓஎம்616-ல் டீசல் முதலில் ஒரு சின்ன முன்னறையில் எரிந்து அப்புறம் சிலிண்டருக்கு வருகிறது, அந்த வழியில் வெப்பம் வீணாகிறது. பின்னால் வந்த எஞ்சின்களில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் பாய்கிறது. மிச்சம் அதனால் வருகிறது, டர்போவால் மட்டும் இல்லை. புது இழுவை கிடைத்த சந்தோஷத்தில் கால் கொஞ்சம் அழுத்தினால் அந்த மிச்சமும் போய்விடும். செலவை மைலேஜில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு இறங்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சின் வைத்து, முன் அனுமதியோடு எண்ணை ஆர்சியில் மாற்றுவது பழகிய நடைமுறை. கொள்ளளவும் வகையும் மாறும்போது அதே எளிதில் அனுமதி கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆகவே எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்து எழுத்தில் பதில் வாங்குங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது இன்ஸ்பெக்டர் எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துத்தான் பார்ப்பார். எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான பில்லும், அந்த வண்டி முறையாகக் கழிக்கப்பட்டதற்கான காகிதமும் கையில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

பழனி யாத்திரை விஷயம் தனி. நடக்கிற கூட்டத்துக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது டர்போ வேலையே செய்யாது, அது விழிக்க எஞ்சின் சுற்றும் சுமையும் வேண்டும். அந்த வேகத்தில் எதிர்க்காற்றும் கிடையாது, ரேடியேட்டரை ஆறவைப்பது ஃபேன் மட்டும்தான். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றி, ஃபேன் கிளட்ச், பெல்ட், தெர்மோஸ்டாட் மூன்றையும் பாருங்கள். எந்த எஞ்சின் இருந்தாலும் இந்த வேலை உண்டு. முடிந்தால் கூட்டத்தோடு ஊராமல் அடுத்து தங்கும் இடத்துக்கு முன்னாலேயே போய் நிறுத்திவிடுங்கள், கிளட்ச் பிளேட் பல வருஷம் கூட வரும். டர்போ எஞ்சின் வைத்துவிட்டால், மலை ஏறி நிறுத்தியதும் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு அணைக்கும் பழக்கமும் வேண்டும். இல்லையென்றால் கொதிக்கிற தண்டில் ஆயில் நின்று கருகிப் படிந்துவிடும்.

முதலில் எடைச் சீட்டு, டேப்பெட் வைத்த பிறகு நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன், நாசில் டெஸ்ட் முடிவு இந்த மூன்றையும் எடுங்கள். கூடவே கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் எண் தகட்டையும், ஆர்சியில் எடை போட்டிருக்கும் பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், உங்கள் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு. எண்களைப் பார்த்தால் இருக்கிற எஞ்சினைக் கட்டுவதா, டர்போவுக்குப் போவதா என்று இப்போதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும். அதுவரைக்கும் பம்பில் டீசல் அளவைக் கூட்ட யாரையும் விடாதீர்கள்.